ஈரச் சாக்கு வாசனை

– நாப்பத்தி மூணு கடை. ரெண்டு தடவை எண்ணிட்டேன், காஸ்பார். என் கடை இல்ல.

– முதல்ல உக்கார ஒரு இடம் காட்டு டீச்சர். கோட்டுலருந்து தண்ணி சொட்டுது, உன் தரையெல்லாம் நனையுது.

– தரை நனைஞ்சா துடைச்சுக்கலாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

– நீ எங்க கேட்ட? எண்ணினேன்னு சொன்ன, அவ்வளவுதான்.

– சரி, கேள்வியாவே கேக்கறேன். 'பிரஸ்ஸல்ஸ் பேட்டைகளில் நல்ல பீர் கடைகள்.' தொகுத்தது காஸ்பார். காலையில அச்சாகி வந்திருக்கு. அதுல ஓடிலோட கடை ஏன் இல்ல? முழு வாக்கியமா சொல்லு.

– ஸ்கூலை விட்டு வந்து மூணு வருஷம் ஆகப்போகுது. இன்னும் பிரம்பைக் கீழ வைக்க மாட்டேங்கற.

– விட்டு வரல. நீண்ட விடுப்புல இருக்கேன். அந்த விடுப்பு நாளையோட முடியுது. மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள ஹெட்மிஸ்ட்ரஸ் கையில என் கடுதாசி இருக்கணும். திரும்பி வரேன், இல்லன்னா வேலையை விட்டுடறேன். ரெண்டுல ஒண்ணு.

– பதினெட்டு வருஷ நிரந்தர வேலை.

– பத்தொம்பது. விட்டா விட்டதுதான். நாப்பத்தேழு வயசுல கெமிஸ்ட்ரி டீச்சரைக் கூப்பிட்டு யாரும் நாற்காலி போட மாட்டாங்க. அதான் இந்தப் பட்டியலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். கடை அதுல இருந்தா வேலையை விடறது, இல்லன்னா திரும்பிப் போறதுன்னு மனசுல வச்சிருந்தேன். போன வருஷமும் நீ போடல. நீ மறந்திருப்பன்னு விட்டுட்டேன். ஒரு தடவை மறக்கலாம் காஸ்பார். ரெண்டு தடவை மறக்கறதுக்கு நான் என்ன உன் குடையா?

– அட, கோவப்படாத. எதுக்குச் சொல்றேன்னா, உன் தெரு கொஞ்சம் ஒதுக்குப்புறம். டிராமை விட்டு எறங்கி, மேட்டுல ஏறி வரணும். வெளியூர்க்காரங்களுக்குக் கஷ்டம்.

– இதே மேட்டுல இன்னும் நூறு அடி ஏறினா ஒரு பய கடை இருக்கு. முன்னாடி அங்க முடிவெட்டற கடை இருந்துச்சு. அது உன் பட்டியல்ல பதினேழாம் நம்பர்.

– அவன் கொஞ்சம் நல்லாப் பண்றான்.

– ஜன்னல்ல பாட்டிலை அடுக்கி வச்சிருக்கான். மத்தியான வெயில் நேரா அது மேல விழுது. வெயில் பட்ட பீர் நாறும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். ஃபோரஸ்ட் பேட்டையில, பூனை வளக்கற அந்தக் கிழவி கடை வாசல்ல நின்னு சொன்ன. ஜன்னலைப் பாரு, வெயில்ல பாட்டில் இருந்தா உள்ளயே நுழையாதேன்னு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், தேதியோட.

– அந்த நோட்டெல்லாம் இன்னும் வச்சிருக்கியா?

– பதினொரு நோட்டு. ஆறு வருஷம், சனிக்கிழமை தவறாம நடந்தோம். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை. டிராம் எங்க முடியுதோ அங்கருந்து ஆரம்பிச்சு நடுவூருக்கு நடந்து வருவோம். நீ மோந்து பாப்ப, நான் எழுதுவேன். கடைக்காரன் நம்மகிட்ட 'கடைசியா என்ன சாப்ட்டீங்க'ன்னு கேட்டா ஒரு மார்க். குளிர்பெட்டியில கை விட்டா விரல் மரத்துப் போகணும், அதுக்கு ஒரு மார்க். கேக்காமலே அழுக்குக் கிளாஸைத் திருப்பிக் கழுவினா ஒரு மார்க். அந்த நோட்டுலருந்துதான் உன் முதல் பட்டியல் வந்துச்சு. என் பேர் அதுல இல்ல. நான் கேக்கவும் இல்ல.

– நீ கேட்டிருந்தா போட்டிருப்பேன்.

– உன் மூக்குதான் பட்டியல், என் கையெழுத்து இல்லைன்னு எனக்குத் தெரியும். ஊரே உன்னை மூக்கு காஸ்பார்னுதானே கூப்பிடுது. பாட்டிலைத் திறந்தவுடனே எந்தப் பக்கத்துச் சரக்கு, எத்தனை வருஷம் பீப்பாயில கெடந்துச்சுன்னு சொல்லுவ. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. இன்னாரோட நடக்கறோம்னு.

– பழசைக் கிளறாத டீச்சர். கடையில காத்தோட்டம் கம்மி, அதையும் பாத்தேன். தூசு வேற இருக்கு.

– தூசு எங்க இருக்கு? காட்டு. நேத்து ராத்திரி துடைச்சேன்.

– பொதுவாச் சொன்னேன்.

– நீ இங்க கால் வச்சு ரெண்டு வருஷம் ஆகுது. தூசு, காத்தோட்டம், மேடு, எல்லாத்தையும் வீட்டுல உக்காந்தே பாத்தியா? பூசி மெழுகாத காஸ்பார். இன்னொருத்தன்னா கடை பிடிக்கல போலன்னு விட்டிருப்பேன். நீ அப்படி இல்லையே. இந்தக் கடை இருக்கறதே உன் வாயால.

– அப்படிச் சொல்லாத. கடை உன் உழைப்பு.

– உழைப்புதான். யாரு சொல்லி உழைச்சேன்? அதை மட்டும் சொல்லிடறேன், அப்புறம் உன் தூசுக்கு வருவோம். வீட்டு நிலவறையில ரெண்டு பீப்பாய் வச்சு விளையாட்டா ஆரம்பிச்சேன். மூணு வருஷத்துப் புளிப்பு பீர் கொஞ்சம், ரெண்டு வருஷத்தது கொஞ்சம், போன வருஷத்தது கொஞ்சம். வாங்கிட்டு வந்து அளந்து அளந்து கலந்தேன். பாட்டில்ல அடைச்சேன். ஈஸ்டர் லீவுல முதல் பாட்டிலைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு ஊத்தினேன். ஞாபகம் இருக்கா?

– இருக்கு.

– நீ கண்ணை மூடிக்கிட்ட. பேசவே இல்ல. நானே கேட்டேன், 'ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை வருதே, உனக்குத் தெரியுதா'ன்னு. அது எனக்கு ஒரு வாரமா உறுத்திக்கிட்டு இருந்துச்சு. தப்பாப் போச்சோன்னு. நீ தலையாட்டின. 'தெரியுது. அதுதான் இதோட கையெழுத்து, அதை விட்டுடாத'ன்னு சொன்ன.

– சொன்னேன்.

– அடுத்த வாரமே அதைப் பத்தி எழுதின. 'நகரத்துக்கு ஒரு புது மூக்கு கிடைச்சிருக்கு'ன்னு. செப்டம்பர்ல விடுப்பு எடுத்தேன். இந்தக் கடையைப் பிடிச்சேன். கீழ எட்டு பீப்பாய் இருக்கு இப்ப. ஒவ்வொரு கலவையிலயும் அந்த ஈரச் சாக்கு வாசனை தப்பிப் போயிடக் கூடாதுன்னு பொத்திப் பொத்திக் காப்பாத்தறேன். நடுவுல ஒரு கலவையில அது வரல. என்ன செஞ்சேன் தெரியுமா?

– என்ன செஞ்ச?

– எரநூறு லிட்டரை சாக்கடையில ஊத்தினேன்.

– ஓடில்.

– என்ன பேர் சொல்லிக் கூப்பிடற? நீ பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லையே. சரி, இப்படி வா, இந்த ஸ்டூல்ல உக்காரு. வந்தவனை வெறும் வாயோட அனுப்பற பழக்கம் இந்தக் கடையில இல்ல.

– வேணாம் டீச்சர். வயிறு சரியில்ல.

– ஒரு கிளாஸ். கடை வழக்கம் உனக்கே தெரியும். பாட்டிலைக் காட்ட மாட்டேன், பேர் சொல்ல மாட்டேன். மண் கூஜாவுலருந்து ஊத்துவேன். குடிக்கறவங்க என்னன்னு சொல்லணும். இந்த ஊர்லயே இப்படிக் கொடுக்கறது நான் ஒருத்திதான்.

– டாக்டர் குறைச்சுக்கச் சொல்லியிருக்கார்.

– நாப்பத்தி மூணு கடையில குடிச்சிருக்க. நாப்பத்தி நாலாவதுல டாக்டர் ஞாபகம் வருதா? இந்தா, பிடி.

– ஏன் இப்படி விரட்டற?

– விரட்டல. உன்னைக் கெஞ்சறேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். என் கை கெட்டுப் போச்சா, இல்லையா? நீ சொன்னா ஏத்துக்கறேன். நாளைக்கே ஸ்கூலுக்குப் போயிடறேன், உன் மேல ஒரு வருத்தமும் இல்லாம. குடி.

– சரி, கொடு. நல்ல நிறம். வெளிச்சத்துல பாரு, தேன் மாதிரி. நுரை நிக்கல.

– ம்.

– நுரை நிக்கலன்னா வயசானதுன்னு அர்த்தம்.

– ம்.

– நீ எதுவும் சொல்ல மாட்டேங்கறியே.

– நான் எதுக்குச் சொல்லணும்? மூக்கு உன்னது.

– புளிப்பு கூர்மையா இருக்கு. நல்லா இழுக்குது. பின்னாடி எலுமிச்சைத் தோல். கொஞ்சம் வைக்கோல். மூணு வருஷத்துச் சரக்கு அதிகமா சேத்திருக்க. ஆண்டர்லெக்ட் பேட்டைப் பக்கம் வாங்கினதுன்னு நினைக்கறேன்.

– அப்புறம்?

– உன் கையெழுத்தும் இருக்கு. அந்த ஈரச் சாக்கு. லேசா, அடியில.

– இன்னொரு வாய் குடி.

– நல்லா இருக்கு டீச்சர். மனசாரச் சொல்றேன். கை கெட்டெல்லாம் போகல. கொஞ்சம் அவசரப்பட்டு அடைச்சிருக்க, அவ்வளவுதான்.

– கதவு திறக்குது. யாரு? அட, பக்கத்துக் கடை இத்ரிஸா? உள்ள வா, நனையாத.

– இல்லக்கா, உள்ள வரல, கடையில ஆள் இல்ல. உங்களுக்கு ஒரு பார்சல் வந்துச்சு, நீங்க கீழ இருந்தீங்க போல, நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சேன். கார்க்கு மூட்டை, கனமே இல்ல. ஆமா, என்னக்கா, ஊறுகாய் போடறீங்களா?

– ஏன் கேக்கற?

– தப்பா எடுத்துக்காதீங்க. வாசல்லயே வினிகர் நெடி மூக்கைத் தூக்குது. என் தக்காளிக் கூடை வரைக்கும் வருது, சத்தியமா. யாரோ பாட்டிலை உடைச்சுட்டாங்கன்னு நினைச்சேன். சார் கிளாஸ்லருந்துதான் வருதா? சாரி சார், நான் இதெல்லாம் குடிக்கறதில்ல, எது எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாது.

– பரவாயில்ல இத்ரிஸ். பார்சலை அங்க வை.

– அப்புறம் இன்னொண்ணு. சின்னவளைக் கூப்பிடப் போனேன், ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் கேட்ல நின்னாங்க. ஓடில் டீச்சரைப் பாத்தா சொல்லுங்க, நாளைக்குப் பன்னெண்டு மணி, அப்புறம் என் கையில இல்லன்னாங்க. என் பெரியவ உங்ககிட்டதான் கெமிஸ்ட்ரி படிச்சா. இப்ப வந்த ஆளு பாடத்தைப் பாத்து வாசிக்கறானாம். சின்னவளுக்காவது நீங்க வரணும்க்கா. நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லிட்டேன். வரேன் சார்.

– போயிட்டான். கதவைச் சாத்திட்டுதான் போனான். இப்ப பேசு காஸ்பார்.

– என்ன ஊத்தின?

– ஆப்பிள் வினிகர். மூணு பங்கு சோடாத் தண்ணி. சமையலுக்குன்னு இத்ரிஸ் கடையில நேத்து வாங்கினதுதான். அவன் வாழ்க்கையில ஒரு சொட்டு பீர் தொட்டதில்ல. வாசல்ல நின்னுக்கிட்டே சொல்லிட்டான். நீ கிளாஸுக்குள்ள மூக்கை விட்டு ஆண்டர்லெக்ட்னு சொல்ற.

– எப்ப சந்தேகம் வந்துச்சு உனக்கு?

– காலையில, உன் பட்டியலைப் படிக்கறப்ப. பதினேழாம் நம்பர்காரனோட வெள்ளை பீரைப் பத்தி எழுதியிருக்க, 'கொத்தமல்லி வாசனை மெல்லத் தட்டுகிறது'ன்னு. நான் அவன்கிட்டப் பேசியிருக்கேன். போன தடவை காய்ச்சினப்ப கொத்தமல்லி போடவே மறந்துட்டானாம், அவனே சொல்லிச் சிரிச்சான். அப்பதான் சந்தேகம் வந்துச்சு. ஆனா நம்பல. இப்பக்கூட நீ துப்பிடுவன்னுதான் நினைச்சேன். துப்பிட்டு என்னை நாலு திட்டு திட்டுவன்னு நினைச்சேன்.

– துப்பியிருப்பேன், தெரிஞ்சிருந்தா.

– எதுவுமே தெரியலையா?

– புளிப்பு தெரியும். கசப்பு, உப்பு, இனிப்பு தெரியும். அது நாக்கு. வாசனை சுத்தமா இல்ல. ஒரு காய்ச்சல் வந்துச்சு, எட்டு நாள். காய்ச்சல் போச்சு, அதோட அதுவும் போச்சு. ஒரு மாசத்துல வந்துடும்னு டாக்டர் சொன்னார். அப்புறம் ஆறு மாசம்னார். அப்புறம் எதுவும் சொல்லல. காபி எனக்கு சுடுதண்ணி. வீட்டுல அடுப்புல எதுவும் தீஞ்சா தெரியாது. பொண்ணு வந்து சுவத்துல ஒரு அலாரம் மாட்டிட்டுப் போனா. தினம் ரெண்டு சட்டை மாத்தறேன் டீச்சர். மேல நாறுதோன்னு பயம். யாரைப் போய்க் கேக்கறது?

– என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

– சொல்லியிருக்கலாம்.

– அப்புறம் எப்படி எழுதின? நாப்பத்தி மூணு கடையைப் பத்தி, ஒவ்வொண்ணுக்கும் அரைப் பக்கம்.

– அது ரொம்ப சுலபம். அதுதான் கொடுமை. கிளாஸைத் தூக்குவேன், கண்ணை மூடிக்குவேன், பேசாம இருப்பேன். கடைக்காரனுக்கு அதைத் தாங்க முடியாது. அரை நிமிஷத்துல அவனே 'பச்சை ஆப்பிள் தெரியுதா சார்'ன்னு கேப்பான். நான் தலையாட்டுவேன். அதையே எழுதுவேன். அவனுக்கு ஒரே சந்தோஷம், காஸ்பார் கண்டுபிடிச்சுட்டார்னு. பக்கத்துல குடிக்கறவங்க பேசறதைக் காது கொடுத்துக் கேப்பேன். எந்தப் பாட்டிலை ரெண்டாவது தடவை வாங்கறாங்க, எதைப் பாதியில வைக்கறாங்கன்னு பாப்பேன். அப்படியே ஓடுச்சு.

– அதான் என் கடைக்கு வரல.

– நீ பாட்டிலைக் காட்ட மாட்ட. பேர் சொல்ல மாட்ட. நான் பேசாம இருந்தா நீயும் பேசாம இருப்ப. இன்னைக்கும் அதேதான் பண்ணின. பசங்களை அப்படித்தானே உண்மையைச் சொல்ல வைப்ப? ரெண்டு தடவை உன் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன்.

– பயந்துக்கிட்டு.

– ஆமா. மூக்கு இல்லாத காஸ்பாருக்கு யாரு கதவைத் திறப்பா? எனக்கு வேற என்ன தெரியும்? அறுபத்திரண்டு வயசுல நான் போய் என்ன கத்துக்கறது?

– சிரிப்பு வருது எனக்கு. மன்னிச்சுக்கோ. உன்னைப் பாத்து சிரிக்கல. ரெண்டு வருஷமா ராத்திரி தூங்காம, எங்க தப்பு பண்ணினேன், பீப்பாயில பூஞ்சை வந்துடுச்சா, தண்ணியில குறையா, கார்க்குல குறையான்னு எல்லாத்தையும் சோதிச்சேன். ஸ்கூல் லேப்லருந்து கருவி கடன் வாங்கினேன். காஸ்பாருக்குப் பிடிக்கலையே, காஸ்பாருக்குப் பிடிக்கலையேன்னு. கடைசியில பாத்தா நீ என்கிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னு ஒளிஞ்சிருக்க. அப்ப என் பீர்ல ஒண்ணும் இல்ல. சொல்லு, ஒண்ணும் இல்லதானே?

– நீ இதை வெளியில சொல்லப் போறியா?

– பயப்படாத, சொல்ல மாட்டேன். காலையில உன் பட்டியலைக் கிழிச்சு ஜன்னல்ல ஒட்டணும், பக்கத்துல உன் யோக்கியதையையும் எழுதணும்னு வெறி இருந்துச்சு. இப்ப இல்ல. பாவம்யா நீ. சாப்பாட்டு வாசனை கூடத் தெரியாம மனுஷன் எப்படி இருக்கறது?

– நீ திட்டினாக்கூடத் தேவலை போல இருக்கு.

– திட்டி என்ன ஆகப்போகுது? நான் ஒரு வழி சொல்றேன். மறுபடி சனிக்கிழமை நடப்போம். இந்தத் தடவை நான் மோந்து பாக்கறேன், நீ எழுது. யாருக்கும் தெரிய வேணாம். எனக்கு நீ செஞ்சதுக்கு நான் இதைக் கூடச் செய்ய மாட்டேனா? ஒரு டீச்சருக்கு, தன் கையை நம்பாத ஒருத்திக்கு, 'நீ செய், உன்னால முடியும்'னு சொன்ன ஒரே ஆள் நீ. என் புருஷன் சொல்லல. எங்க அக்கா சொல்லல. புளிச்ச தண்ணியைக் கலக்கறதுக்கு நிரந்தர வேலையை விடுவாளா ஒருத்தின்னு அப்பவும் இப்பவும் கேக்கறாங்க. இரு, பேனா எங்க?

– எதுக்குப் பேனா?

– கடுதாசி. இப்பவே எழுதிடறேன். வேலையை விடறேன்னு. உன் எதிர்லயே எழுதறது நல்லதுதான்.

– அவசரப்படாத டீச்சர். நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கில்ல?

– ஒரு ராத்திரி இருந்தா மறுபடி பயம் வரும். 'மதிப்பிற்குரிய ஹெட்மிஸ்ட்ரஸ் அவர்களுக்கு.' அவங்க பேர்ல ரெண்டு எல் வரும்.

– திரும்பிப் போ ஓடில். ஸ்கூலுக்கு.

– என்ன சொல்ற?

– அந்த இத்ரிஸ் பொண்ணுக்கு டீச்சர் வேணும்ல. ரெண்டையும் பாத்துக்கலாம். சனி ஞாயிறு மட்டும் கடையைத் திற.

– எட்டு பீப்பாயை சனி ஞாயிறு மட்டும் பாத்துக்க முடியாதுன்னு உனக்குத் தெரியும். சுத்தி வளைக்காத. ஊர் பேசறதைக் கேட்டுத்தானே எழுதறேன்ன. என் பீரைப் பத்தி ஊர் என்ன பேசுது?

– அதை விடு.

– காஸ்பார், பதில்.

– ஒரு பாட்டில் வாங்கறாங்க. ரெண்டாவது வாங்கறதில்ல.

– அது பட்டியல்ல நீ போடாததால.

– இருக்கலாம்.

– இருக்கலாம் இல்ல, அதுதான். பட்டியல்ல இல்லன்னா ஏதோ குறைன்னு நினைச்சுக்கிட்டே குடிப்பாங்க. அப்புறம் எப்படி ருசிக்கும்? முதல் வருஷம் நீ எழுதினப்ப வரிசையில நின்னு வாங்கினாங்க.

– வரிசையில நின்னாங்க. ஒரு தடவை.

– ஊருக்கு ஆயிரம் நாக்கு. அதுல எத்தனை நாக்கு இனிப்பு பீரைக் குடிச்சு வளந்ததோ. எனக்கு அது வேணாம். நான் அந்த ஈஸ்டர் நாளை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். மூக்கு காஸ்பார் கண்ணை மூடி மோந்து பாத்து, இது நல்லா இருக்கு, இந்த வாசனையை விடாதேன்னான். அது பொய்யாகாது. அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தா என்ன, மூக்கு போனா என்ன? போறதுக்கு முன்னாடி நீ சொன்னது சொன்னதுதான். ஏன், இதையே நீ எழுதலாமே. மூக்கு போறதுக்கு முன்னாடி கடைசியா மோந்த நல்ல பீர் ஓடிலோடதுன்னு. ஜன்னல்ல ஒட்டுவேன். ஏன் தலையைக் குனிஞ்சுக்கற?

– பேனாவைக் கீழ வை.

– கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

– வை டீச்சர். கெஞ்சிக் கேக்கறேன்.

– ஏன்? காஸ்பார், என்னைப் பாரு. அந்தக் காய்ச்சல் உனக்கு எப்ப வந்துச்சு? போன வருஷமா, அதுக்கு முந்தின வருஷமா?

– அந்த ஈஸ்டருக்கு ரெண்டு மாசம் முன்னாடி. நீ பாட்டிலைத் திறந்தப்ப எனக்கு ஒரு வாசனையும் வரல ஓடில், உன் மூஞ்சியைப் பாத்துதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்.